லாஜிக்: தர்க்கமா, ஏரணமா, அளவையா?

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வருபவர் ‘கதை பரவாயில்லை, லாஜிக்தான் இடிக்கிறது’ என்கிறார். வீட்டு வரவுசெலவைப் பற்றிய பேச்சில் ஒருவர் மற்றவரிடம் ‘நீ சொல்வதில் லாஜிக்கே இல்லை’ என்கிறார். முன்னால் சொன்னதற்கும் பின்னால் சொன்னதற்கும் இடையே இருக்க வேண்டிய பிடிப்பு அங்கே இல்லை என்பதே இரண்டு இடத்திலும் பொருள். இவ்வளவு நுட்பமான ஒரு கருத்தை நாள்தோறும் தயக்கமின்றி ஆள்கிற நாம், அதற்கு நேரான தமிழ்ச்சொல் எது என்று கேட்டால் மட்டும் தடுமாறுகிறோம். அகராதி ‘தருக்கம்’ என்கிறது. தனித்தமிழ் ஆர்வலர் ‘ஏரணம்’ என்கிறார். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர வகுப்பில் படித்தவர் ‘அளவையியல்’ என்கிறார். இம்மூன்று சொற்களும் மூன்று வேறு வழியாக வந்தவை. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது, சிந்திப்பதை நாம் எத்தகைய செயலாகக் கருதுகிறோம் என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

முதலில் லாஜிக்கின் பிறப்பைப் பார்க்கலாம். கிரேக்க மொழியில் ‘லெகெய்ன்’ என்றொரு வினை உண்டு. பொறுக்கிச் சேர்த்தல், எண்ணுதல், எடுத்துச் சொல்லுதல் ஆகியவை அதன் பொருள்கள். அதிலிருந்து பிறந்த ‘லோகோஸ்’ என்னும் பெயர்ச்சொல்லுக்குப் பேச்சு, காரணம், விகிதம், கணக்கு எனப் பல பொருள்கள் கிளைத்தன. ‘லோகோஸ் சார்ந்த கலை’ என்னும் பொருளில் ‘லோகிகே’ உண்டாகி, இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவி, ஆங்கிலேயர் ஆட்சிக் காலக் கல்வியோடு நம்மிடம் வந்தது. இத்துறையின் தந்தை எனப்படும் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் ஆய்வுக்கு இப்பெயரைச் சூட்டவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. அவர் அதைப் பகுப்பாய்வு என்னும் பொருள்படும் பெயராலேயே குறித்தார். இத்துறை பற்றிய அவருடைய நூல்களைப் பின்னாளில் தொகுத்தவர்கள் அத்தொகுதிக்கு ‘ஓர்கனான்’, அதாவது ‘கருவி’, என்று பெயரிட்டார்கள்.

லோகோஸின் பல பொருள்களையும் ஏறத்தாழ அப்படியே தாங்கக்கூடிய தமிழ்ச்சொல் ஒன்று உண்டென்றால் அது ‘கணக்கு’ என்பேன். எண்ணுதலுக்கும் கணக்கு, வரவுசெலவுக்கும் கணக்கு, நூலுக்கும் கணக்கு. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் பெயரை நினைத்துக்கொள்ளலாம். மணிமேகலையில் தத்தம் கொள்கையை நிறுவிப் பேசும் சமயவாதிகளுக்கு வழங்கும் பெயரே ‘சமயக் கணக்கர்’ என்பதுதான். இன்றும் ஒருவருடைய காரணம் ஒத்துவராதபோது ‘கணக்கு உதைக்கிறதே’ என்கிறோம். திரையரங்க வாசலில் இடித்த லாஜிக்கும் இங்கே உதைக்கும் கணக்கும் ஒன்றுதான். ஆயினும் கணக்கு என்றதும் பள்ளிக்கூடத்துக் கணிதப் பாடமே எல்லாருக்கும் நினைவுக்கு வருவதால், அதைத் துறைப்பெயராக்க முடியாது.

இனி தர்க்கம். வடமொழியில் ‘தர்க்க’ என்பதற்கு ஊகித்தல், ஆராய்தல் என்பவை பொதுப்பொருள். நியாயம் என்னும் வடமொழித் தருக்கத் துறையின் நூலாரிடம் அதற்குக் குறுகிய, கூர்மையான பொருள் ஒன்று உண்டு: எதிர்க்கருத்தை ஒரு கணம் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து வரும் அபத்தத்தைக் காட்டுதல். ‘மலையில் நெருப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால் அங்கே புகையும் இருக்கக் கூடாது, புகையோ கண்ணுக்குத் தெரிகிறது’ என்பது அவ்வகை. அறிவு பிறக்கும் வாயில்களுள் ஒன்றாக இதை அவர்கள் எண்ணவில்லை, துணைக்கருவியாகவே வைத்தார்கள். அன்னம்பட்டரின் வடமொழித் தருக்க நூலாகிய தர்க்க சங்கிரகத்தை 18 ஆம் நூற்றாண்டில் மாதவச் சிவஞான முனிவர் தமிழாக்கியபோது, தருக்கம் என்பது முழுத்துறைக்கும் பெயராகக் கற்றோரிடையே வழங்கியது. இன்றைய கணினிப் பாடத்தில் தருக்க வாயில்கள் (லாஜிக் கேட்) என்று வருவதும் அந்த வழக்கின் தொடர்ச்சியே.

வீட்டு வழக்கு வேறு வழியில் போயிற்று. ‘பெரியவர்களிடம் தர்க்கம் பண்ணாதே’ என்னும்போது தர்க்கம் சண்டைக்கு முந்தைய படி. அதனோடு ‘கு’ சேர்ந்தால் குதர்க்கம். செருக்கைக் குறிக்கும் ‘தருக்கு’ என்னும் சொல் ஒலியில் அருகிலேயே இருப்பதும் தருக்கத்தின் பெயரைக் கெடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தர்க்கத்துக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. நியாய நூலார் உரையாடலை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையை அறிவதற்காக இருவர் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிரி சொல்வதை எல்லாம் உடைப்பது மட்டுமே வேலையாகக் கொண்டது விதண்டை. இவற்றுள் நடுவிலிருப்பதை நாம் முற்றிலும் மறந்துவிட்டோம். மூன்றாவதை ‘விதண்டாவாதம்’ என்று பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். முதலாவது, ‘வாக்குவாதம்’ என்னும் கூட்டுச்சொல்லில் கைகலப்புக்கு அருகே போய் நிற்கிறது. முடக்குவாதத்தில் வருவது வேறு சொல் என்றாலும், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டது இன்னொரு துயரம்.

மற்றச் சொற்களும் இப்படியே இடம்பெயர்ந்தன. அனுமானம் என்றால் ஒரு சான்றைப் பற்றிக்கொண்டு பிழையின்றி ஒரு முடிவுக்குப் போதல். நாமோ ‘சும்மா ஓர் அனுமானம்தான்’ என்று குத்துமதிப்பைச் சொல்கிறோம். சாத்தியம் என்றால் நிறுவப்பட வேண்டியது. நமக்கு அது நடக்கக்கூடியது. நியாயம் நீதியாயிற்று. அறிவு பிறக்கும் வாயில் என்னும் பொருளுடைய பிரமாணம், சத்தியம் செய்வதாகிப் பதவியேற்பு மேடைக்கும் நீதிமன்றப் பிரமாணப் பத்திரத்துக்கும் போய்விட்டது. அறிவை ஆராய்வதற்கென்று வந்த சொற்களுள் ஒரு பகுதி வழக்காடு மன்றத்துக்கும் ஒரு பகுதி தெருச்சண்டைக்குமாகப் பிரிந்துபோனபின், ஒருவர் மற்றவரிடம் ‘நீங்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்’ என்று அமைதியாகக் கேட்பதற்கே சொல் தட்டுப்படுகிறது. கேட்டால் சண்டைக்கு வருவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரமாணத்துக்குத் தமிழர் தந்த பெயர்தான் ‘அளவை’. வடசொல்லில் ‘மா’ என்னும் வேர் அளத்தலைக் குறிக்கும். அளவை அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்கு அளவைகளை நம் இலக்கணம் சொல்கிறது. துணியைக் கேட்டு வாங்குபவர் முழம் போட்டுப் பார்க்கிறார், எண்ணெய் வாங்குபவர் படியைப் பார்க்கிறார். ஒரு கூற்றை ஏற்பதற்கு முன் அதை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினாவே அளவையியல். மணிமேகலையின் 27 ஆம் காதையில் அளவைவாதி, காட்சி, கருதல், உவமம், ஆகமம் முதலாகப் பத்து அளவைகளை எண்ணிக் காட்டுகிறான். 13 ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரில் அந்தப் பத்தையும் சொல்லி, அவை எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். கண்ணால் கண்டது, அதைக்கொண்டு உய்த்து அறிந்தது, நம்பத்தக்கவர் சொன்னது: நாள்தோறும் நாம் நம்புகிற எதுவும் இம்மூன்றுள் ஒன்றின் வழியாகத்தான் வந்திருக்கும்.

கருதல் எப்படி நடக்க வேண்டும் என்பதை மணிமேகலையின் 29 ஆம் காதையில் பௌத்தத் துறவியாகிய அறவண அடிகள் உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், அதாவது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அந்த எடுத்துக்காட்டை மலையோடு பொருத்துவது உபநயம். முடிவைச் சொல்வது நிகமனம். அதற்குமேல் எதிர்மறை எடுத்துக்காட்டு ஒன்றும் வருகிறது: நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, புனல் போல. காப்பியத்தில் அடுக்களை வந்து நிற்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாகப் பெறும் கிரேக்கரின் முக்கூற்று முறை வடிவத்தை மட்டும் பார்க்கும். கூற்றுகள் பொய்யானாலும் வடிவம் சரியாக இருந்தால் அது செல்லும் என்று சொல்லிவிடும். இம்முறையோ, நீ சொல்லும் பொதுவிதியை எங்கே கண்டாய், ஓரிடத்தைக் காட்டு என்று கேட்கிறது. இல்லாத இடத்தையும் காட்டச் சொல்கிறது.

அந்த எதிர்மறை எடுத்துக்காட்டின் பயனை இன்றைய சான்று ஒன்றில் பார்க்கலாம். ‘இந்தக் கஷாயத்தைக் குடித்தார், ஒரே வாரத்தில் சளி போய்விட்டது’ என்று ஒரு செய்தி கைபேசிக்கு வருகிறது. பக்கம் இருக்கிறது, ஏது இருக்கிறது, உறவினர் ஒருவர் திட்டாந்தமாகவும் இருக்கிறார். புனலைத்தான் காணவில்லை. கஷாயம் குடிக்காதவருக்குச் சளி போகாமல் இருந்ததா? சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும் என்பதால், குடிக்காதவரும் தேறியிருப்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார் சொன்னதும், வடமொழியில் காகதாலீய நியாயம் எனப்படுவதும் இந்தப் பிழையைத்தான்.

ஏதுவே ஐயத்துக்கு உரியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மணிமேகலையின் அக்காதை விடவில்லை. கண்டது ஆவியா பனியா என்னும் ஐயம் தீராமலே அதைப் புகையாகக் கொண்டு நெருப்பு உண்டென்று துணிவது ஏதுப்போலிகளுள், அதாவது ஏதுபோல் தோன்றும் பிழைகளுள், ஒன்று. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி மூன்று வகையும் அவற்றின் உட்பிரிவுகளும் என்று விரிந்துபோகும் அப்பகுதியைக் காப்பியச் சுவை தேடி வந்தவர்கள் புரட்டிவிட்டுப் போவது வழக்கம். வீட்டுவாசல் நனைந்திருப்பதைக் கண்டு இரவில் மழை பெய்ததாக முடிவுகட்டுகிறவர், விடியலில் யாரோ வாசல் தெளித்திருப்பார்கள் என்பதை நினைப்பதில்லை. அவருக்கு அந்தப் பக்கங்கள் உதவும்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதும் அளவையியலுக்கு உரியதே. ஒன்றைக் கண்டு எல்லாவற்றையும் துணிவதற்கு அது உரிமை தருகிறது; அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் கேட்பதில்லை. ஒரே அரிசி, ஒரே உலை, அகப்பையால் கிண்டிவிட்ட பானை என்பதால் அந்த ஒரு பருக்கை மற்றவற்றுக்காகப் பேசுகிறது. பழைய அரிசியும் புதிய அரிசியும் கலந்து போட்டிருந்தாலோ, அடிப்பிடித்திருந்தாலோ மேலிருக்கும் பருக்கையை நசுக்கிப் பயனில்லை. ஓர் ஊர்க்காரர் இருவரைப் பார்த்துவிட்டு அந்த ஊரையே எடைபோடுகிறவர், பழமொழியைச் சொல்கிறாரே தவிர, பானையைப் பார்ப்பதில்லை.

ஏரணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கடல்கொண்டு போனதாகப் பழந்தமிழ்க் கலைநூல்களை வரிசைப்படுத்தும் தனிப்பாடல் ஒன்று ‘ஏரணம் உருவம் யோகம்’ என்று தொடங்குகிறது; அச்சொல்லைத் தருக்கநூல் என்னும் பொருளில் கொண்டு தனித்தமிழார் மீட்டெடுத்தார்கள். ஒலி இனியது, ‘ஏரணமாக’ என்று வினையடையாக்கவும் எளியது. ஆனால் முதன்முறை கேட்பவருக்கு அது எதையும் காட்டுவதில்லை. அளவை என்றால் பள்ளிக்குப் போகாதவருக்கும் பாதி புரிந்துவிடும். இலங்கையில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்பது உயர்தர வகுப்பின் பாடப்பெயராக வாழ்ந்துகொண்டிருக்கிறது. வாழும் சொல் இருக்கையில் வேறொன்று தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ‘கதை அளக்கிறான்’ என்னும் வழக்கு அளத்தலுக்கும் ஒரு கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. எனினும் அங்கே அளக்கப்படுவது கதை என்பதால், அளவையின் மானம் தப்பிவிடுகிறது.

லாஜிக்கோடு சேர்ந்தே வரும் இன்னொரு தொடர் ‘கிரிட்டிக்கல் திங்கிங்’. அதை ‘விமர்சனச் சிந்தனை’ என்று பெயர்ப்பதால் குறைகூறும் பழக்கம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கிரேக்கத்தில் ‘கிரினெய்ன்’ என்றால் பிரித்தல், தேர்தல், தீர்ப்புக் கூறுதல். அந்த வேரின் பழம்பொருள் சல்லடையில் சலிப்பது. தமிழில் முறத்தில் அரிசியை மெல்லத் தட்டிக் குறுநொய்யையும் கல்லையும் ஒதுக்குவதற்குத் தெள்ளுதல் என்று பெயர். தெளிவும் அதே குடும்பத்துச் சொல்தான். பழந்தமிழில் ‘தெரிதல்’ என்பதற்கும் ஆராய்தல், தேர்ந்தெடுத்தல் என்றே பொருள். ஆகவே திருக்குறளின் 51 ஆம் அதிகாரத் தலைப்பாகிய ‘தெரிந்து தெளிதல்’ இதற்கு எவரும் புதிதாகச் செய்யத் தேவையில்லாத பெயர்ப்பாக நிற்கிறது.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள், ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்பது. ஆட்களைத் தேர்வது பற்றி அரசனுக்குச் சொன்னது என்றாலும், கூற்றுகளைத் தேர்வதற்கும் அது பொருந்தும். ஆராயாமல் நம்புவதோடு, ஆராய்ந்து முடித்தபின்னும் ஐயுற்றுக்கொண்டே இருப்பதையும் அது குற்றத்தில் சேர்க்கிறது. தொல்காப்பியக் களவியலில் தலைவியைக் கண்ட தலைவனுக்கு இவள் தெய்வமகளோ என்று ஐயம் வருகிறது. மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, வாடும் பூ, இமைக்கும் கண், அச்சம் ஆகிய அடையாளங்களைக் கண்டு, மானிட மகளே என்று துணிகிறான். அந்த அடையாளங்களை ‘நின்றவை களையும் கருவி’ என்கிறார் தொல்காப்பியர். அரிஸ்டாட்டிலின் நூல்தொகுதிக்குக் கிரேக்கர் இட்ட பெயரும் கருவிதான். இங்கே அது எதைக் களையும் கருவி என்பதும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது: நிலைத்து நின்ற ஐயத்தை.