அகராதி சொல்லாமல் விட்ட மீதி

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதம் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு மாணவர் எனக்கு அனுப்பியிருந்தார். முப்பது வயது தாண்டியவர், நன்றாகப் படித்தவர், கடிதத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வரியில் மட்டும் 'ஐ ஆம் ஆஸ்டென்சிபிளி இன்டரஸ்டட் இன் திஸ் பொசிஷன்' என்று எழுதியிருந்தார். ஏன் இந்தச் சொல் என்று கேட்டேன். "மேடம், ஆஸ்டென்சிபிளி என்றால் வெளிப்படையாக என்றுதானே அர்த்தம்? பட்டியலில் அப்படித்தான் போட்டிருந்தது" என்றார்.

பட்டியலில் அப்படிப் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் ஆங்கிலம் புழங்குகிறவர் அந்த வரியைப் படித்தால், 'இந்த வேலையில் ஆர்வம் இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறேன்' என்றுதான் புரிந்துகொள்வார். வெளியே ஒன்று தெரிகிறது, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்ற சந்தேகத்தோடு சேர்த்துத்தான் அந்தச் சொல்லையே அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அகராதி பாதியைச் சொன்னது, மீதிப் பாதி அந்த வேலைக்கே உலை வைத்திருக்கும்.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். தேர்வுக்கும் வேலைக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் தயாராகிறவர்கள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் கையில் ஆயிரம் சொல், மூவாயிரம் சொல் என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஆனால் அதை மட்டுமே நம்புகிறவர்களைப் பார்த்தால் பயம் வருகிறது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளே இல்லாத அசைகளை உருவாக்கி, அவற்றைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி பறந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்டது. ஆளும் இல்லாமல் சூழலும் இல்லாமல் பட்டியலில் நிற்கிற சொல், நம் மூளையைப் பொறுத்தவரை அந்த அசைகளுக்குத் தூரத்துச் சொந்தம். மறந்துபோனால்கூடப் பரவாயில்லை, பாதி நினைவில் நின்றால்தான் மேலே சொன்ன கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்டால், ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் படியுங்கள் என்பேன். நாவல் படிக்கக் கூடாதா, செய்தித்தாள் போதாதா என்று உடனே கேட்பார்கள். தாராளமாகப் படியுங்கள். ஆனால் நாவலில் திரைச்சீலையையும் மழையையும் வர்ணிக்கிற சொற்கள் நிறைய வரும், நமக்கு வேண்டியதோ மனிதர்களையும் முடிவுகளையும் எடைபோடுகிற சொற்கள். செய்தித்தாள் அன்றைய சங்கதியை நானூறு சொல்லில் முடித்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். வாழ்க்கை வரலாறோ ஒரே ஆளை ஐந்நூறு பக்கம் விடாமல் துரத்துகிறது. அந்த ஆள் சண்டை போடுகிறார், சமாதானம் ஆகிறார், வாக்கு மாறுகிறார், பதவிக்கு வருகிறார், பதவியை இழக்கிறார். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து அவர்மேல் வைக்கிறார், அது கிட்டத்தட்ட ஒரு தீர்ப்பு.

நம் ஆஸ்டென்சிபிளியையே எடுத்துக்கொள்வோம். 'அமைச்சர் ஆஸ்டென்சிபிளி உடல்நலக் காரணங்களுக்காக விலகினார்' என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கத்துக்கு முன்னால்தான் அவர் பிரதமரோடு மோதிக் கதவை அறைந்துவிட்டு வெளியே வந்ததைப் படித்திருப்பீர்கள். ஆள் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்றும் தெரியும். அந்த இடத்தில் யாரும் அகராதியைத் திறக்க வேண்டியதில்லை. 'பேருக்கு உடம்பு சரியில்லை' என்று தமிழில் நாம் சொல்கிறோமே, அந்தப் 'பேருக்கு' தான் இது. ஒரு தடவை இப்படிப் பிடித்துக்கொண்டால் வேலைக் கடிதத்தில் எழுதக் கை வராது.

ஆளை எடைபோடும் சொற்களில்தான் நம்மவர்கள் அதிகமாகச் சறுக்குகிறார்கள். 'அஸ்டியூட்', 'ஷ்ரூட்', 'கால்குலேட்டிங்', 'கன்னிங்', 'டீவியஸ்' எல்லாவற்றுக்கும் பட்டியலில் புத்திசாலி, தந்திரசாலி என்று எதையாவது போட்டு ஒரே வரிசையில் நிறுத்திவிடுவார்கள். தமிழில் சாமர்த்தியசாலி என்பதற்கும் காரியக்காரர் என்பதற்கும் சூழ்ச்சிக்காரர் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மாமனாரைப் பற்றிப் பேசும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று நாக்குக்கே தெரியும். ஆங்கிலத்திலும் அதே ஏணிதான். அஸ்டியூட் சுத்தமான பாராட்டு. ஷ்ரூட் பாராட்டுத்தான், ஆனால் ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இரு என்கிற தொனி உண்டு. கால்குலேட்டிங் வந்துவிட்டால் பாராட்டு முடிந்தது. டீவியஸ் என்றால் அந்த ஆளை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிட்டிஷ் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-இல் பிபிசி வானொலியில் இதை வினைத்திரிபு மாதிரி விளையாட்டாகச் சொன்னார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் சொன்னால் கேட்காத முட்டாள். மூன்றும் ஒரே குணம், பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் மாறுகிறது. வாழ்க்கை வரலாற்றில் ஓர் ஆசிரியர் 'ஃபர்ம்', அதாவது உறுதி, என்று எழுதிய அதே முடிவை, அதே தலைவரைப் பற்றிய இன்னொரு நூலில் 'ஆப்ஸ்டினேட்', அதாவது பிடிவாதம், என்று பார்க்கலாம். நேரம் இருந்தால் ஒரே ஆளைப் பற்றி இரண்டு பேர் எழுதியதைப் படியுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். முழுதாகக்கூட வேண்டாம், ஒரே சம்பவம் வரும் அத்தியாயத்தை இரண்டிலும் படித்தால் போதும்.

பதவியை விட்டுப் போவதற்கு மட்டும் ஆங்கிலத்தில் எத்தனை வினைச்சொல் பாருங்கள். பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் 'அப்டிகேட்' செய்தார், இது முடிதுறப்பது, மந்திரிக்கோ மேலாளருக்கோ பொதுவாக ஒட்டாது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1974 ஆகஸ்டில் 'ரிசைன்' செய்தார். மண்டேலா இரண்டாம் முறை போட்டியிடாமல் 1999-இல் 'ஸ்டெப் டவுன்' ஆனார், அதில் ஒரு கௌரவமான சாயல் இருக்கிறது. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் விஷயம் இன்னும் சுவாரசியம். 1990 நவம்பரில் கட்சித் தலைமைக்கான முதல் சுற்றில் அவருக்கு 204 வாக்கு, எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்கு 152. வென்றும் வெல்லவில்லை, விதிப்படி இருக்க வேண்டிய வித்தியாசத்துக்கு நாலு வாக்கு குறைந்தது. சொந்த அமைச்சர்களே ஒவ்வொருவராக வந்து இனிமேல் முடியாது என்றார்கள், இரண்டே நாளில் விலகுவதாக அறிவித்துவிட்டார். காகிதத்தில் அது 'ரிசைன்'. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் போடுகிற சொல் 'ஆஸ்டட்', அதாவது வெளியேற்றப்பட்டார். ஆதரவாளர் எழுதினால் 'பிட்ரேயல்' என்று துரோகக் கணக்கில் சேர்ந்துவிடும். இந்தச் சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி மனப்பாடம் செய்தவரையும், அந்த நவம்பர் வாரத்தைப் படித்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொன்னால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

'இம்பீச்' என்ற சொல்லுக்குப் பதவிநீக்கம் என்று அர்த்தம் வைத்திருக்கிறீர்களா? வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் எல்லாக் கையும் தூக்கப்படும். அமெரிக்க முறையில் அது பிரதிநிதிகள் சபை முறைப்படி குற்றம் சாட்டுவது மட்டும்தான், நீக்குவதா வேண்டாமா என்பது அதன்பிறகு செனட் முடிவு செய்வது. அதிபர்கள் ஆண்ட்ரூ ஜான்சன் 1868-இலும் கிளிண்டன் 1998-இலும் இம்பீச் செய்யப்பட்டார்கள், இருவருமே பதவியில் நீடித்தார்கள். பதவியை விட்டுப் போன நிக்சனோ இம்பீச் செய்யப்படவே இல்லை, சபை வாக்கெடுப்புக்கு முன்பே விலகிவிட்டார். இதை ஒரு வரி விளக்கமாகப் படித்திருந்தால் மறந்திருப்பீர்கள், நிக்சனின் கடைசி இரண்டு வாரத்தைப் படித்தால் மறக்காது.

'டேபிள்' என்ற சாதாரணச் சொல்கூட ஆளைக் கவிழ்க்கும். பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நெடுநேரம் காரசாரமாக வாதாடினார்கள், இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான் என்று பிறகுதான் தெரிந்தது என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். எனவே கையில் இருக்கும் புத்தகத்தின் ஆசிரியர் எந்தப் பக்கத்துக்காரர் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பிரிட்டிஷ் தலைவர்களின் வரலாறுகளில் 'மாண்டரின்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும், திரைக்குப் பின்னால் இருந்து ஆட்சியை நகர்த்தும் பெரிய அதிகாரிகளை அப்படிச் சொல்வார்கள். சீனச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நம் 'மந்திரி' தான் அது, மலாய் மொழிக்குப் போய், போர்த்துகீசியர் வாயில் புகுந்து, உரு மாறி ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. 'பரையா ஸ்டேட்' என்று உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைச் சொல்வதையும் பார்ப்பீர்கள். அது தமிழிலிருந்து போனது, ஒரு மக்களின் சாதிப் பெயரையே இழிசொல்லாக்கி வைத்துக்கொண்டது ஆங்கிலம். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபிறகு அதை நான் எழுதுவதில்லை, மாணவர்கள் எழுதினால் வேறு சொல் இருக்கிறது என்று காட்டுவேன்.

சரி, எப்படிப் படிப்பது? முதலில் ஆள் தேர்வு. ஏற்கெனவே கதை தெரிந்த தலைவராக இருக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தானாகக் கையில் விழும். சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன், துணையில்லாமல் ஒரு நூலைப் புரிந்து படிக்க அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளை வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று 2006-இல் கணக்கிட்டார். 98 சதவீதம் என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாது, முந்நூறு சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். இருபது முப்பது வந்தால் அந்தப் புத்தகத்தை ஒரு வருஷம் கழித்து எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்னுரையில் தொடங்காதீர்கள். ஆசிரியர் தன் மொத்தப் பகட்டையும் கொட்டுகிற இடம் பெரும்பாலும் அதுதான், அங்கேயே மூச்சு வாங்கிப் புத்தகத்தை மூடியவர்கள் பலரை எனக்குத் தெரியும். இளமைக்கால அத்தியாயத்தில் தொடங்குங்கள், மொழி கொஞ்சம் எளிதாக இருக்கும். அமைச்சரவைச் சண்டைகள் வரும்போது கடினமாகும், அதற்குள் ஆசிரியரின் நடை பழகியிருக்கும். இன்னொன்று, யாரும் கவனிக்காத இடம், கடைசியில் இருக்கும் சொல்லடைவு. பல நூல்களில் தலைவரின் பெயருக்குக் கீழே அவருடைய குணங்களையே வரிசைப்படுத்தியிருப்பார்கள், லட்சியவெறி, தற்பெருமை, முன்கோபம், விசுவாசம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே பக்க எண்ணோடு. 'வேனிட்டி' என்ற சொல்லுக்கு நேரே ஏழு பக்க எண் இருந்தால், ஏழு இடத்திலும் போய்ப் பாருங்கள். எந்த வாத்தியாரும் இப்படி ஏழு எடுத்துக்காட்டு தரமாட்டார்.

தெரியாத சொல் வந்ததும் நிற்க வேண்டாம், பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அதே சொல் மூன்றாவது முறை வரும்போது அகராதியைப் பாருங்கள். நோட்டில் எழுதும்போது அர்த்தத்தை எழுதாமல் முழு வாக்கியத்தையும் எழுதி, பக்கத்தில் யார் யாரைப் பற்றிச் சொன்னது, புகழ்ந்தா இகழ்ந்தா என்று ஒரு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் நான் எழுத விடுவதில்லை.

துதி பாடுகிற நூல்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'ஹேஜியோகிராஃபி' என்றே பெயர், புனிதர்களின் வரலாறு எழுதுவதற்கு இருந்த சொல் இப்படி மாறிவிட்டது. அதில் ஆள் எப்போதும் நல்லவர், எப்போதும் துணிந்தவர், சொற்களஞ்சியத்தில் பாதிக் கதவு திறக்கவே திறக்காது. தலைவர்கள் தாங்களே எழுதிய சுயசரிதையிலும் இதே சிக்கல்தான், தன்னைத் தானே யார் டீவியஸ் என்று எழுதப்போகிறார்?

படித்த சொல்லை மறுநாளே மின்னஞ்சலில் ஏற்றிவிடாதீர்கள், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இந்த நூல்களின் ஆங்கிலம் கனமானது, நிதானமாக உட்கார்ந்து எழுதியது. படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய சொல் வேறு, நாம் எடுத்துப் புழங்க வேண்டிய சொல் வேறு. 'ரிலிங்க்விஷ்', அதாவது துறந்துவிடுவது, தெரிந்திருப்பது நல்லது, அதற்காக விடுப்புக் கடிதத்தில் பொறுப்புகளை ரிலிங்க்விஷ் செய்கிறேன் என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

அந்த மாணவர் ஒரு தலைவரின் வரலாற்றை எடுத்து, நடுநடுவே விட்டுவிட்டு, எட்டு மாதத்தில் முக்கால்வாசி படித்தார். நடுவில் ஒரு நாள் ஆஸ்டென்சிபிளி வருகிற பக்கத்தைப் படம் எடுத்து, சிரிக்கும் முகம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினார். வேறொரு வேலைக்குக் கடிதம் எழுதியபோது மறுபடியும் திருத்தக் கொடுத்தார். ஆஸ்டென்சிபிளி இருந்த இடத்தில் இப்போது 'கீன்' என்று, ஆர்வமாக என்பதற்கு ஆங்கிலத்தில் நாலே எழுத்தில் ஒரு சின்னச் சொல் இருந்தது. அந்த வரியில் நான் பேனாவை வைக்கவில்லை.