'மாடுலேட்டர்': பண்பேற்றியா, துடிப்பாக்கியா?

துகள் முடுக்கிகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'பல்ஸ் மாடுலேட்டர்' என்பதற்கு ஈடாக வரும் 'துடிப்புப் பண்பேற்றி' என்ற தொடரை இன்னொரு முறை படித்தபின், அது எந்தக் கருவியின் பெயர் என்பதை எழுதியவர் எண்ணிப் பார்த்தாரா என்ற ஐயம் எனக்கு வலுத்துவிட்டது.

'மாடுலேட்டர்' என்பதன் வேர் இலத்தீனின் 'மோடுலுஸ்'. சிற்றளவு என்பது அதன் பொருள். வேரைப் பற்றி இவ்வளவு போதும். வழுவெல்லாம் வழக்கில்தான் இருக்கிறது.

வானொலியில் ஊர்தி அலையின் வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகியவற்றுள் ஒன்றைச் செய்திக்கேற்ப மாற்றுவதால் 'பண்பேற்றம்' அங்கே அருமையான சொல். முடுக்கியிலோ ஏற்றுவதற்குச் செய்தியே இல்லை. துகள்களை முடுக்கும் நுண்ணலையைப் பெருக்கும் குழலாகிய கிளைஸ்ட்ரானுக்கு மின்திறன் தரும் இக்கருவி, மில்லிநொடிக் கணக்கில் மின்னாற்றலைச் சேர்த்து வைத்து, தைரட்ரான் என்னும் ஆளி கடத்தத் தொடங்கியதும் அதைச் சில மைக்ரோநொடிகளில் கொட்டித் தீர்க்கிறது. (கிரேக்கத்தில் 'தைரா' என்றால் கதவு, பெயரிட்டவர் கருவியின் வேலையைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்.) ஸ்டான்ஃபோர்டு நேர்முடுக்கியின் பிற்காலக் கிளைஸ்ட்ரான்களுக்கு இவ்வாறு ஏறத்தாழ 350 கிலோவோல்ட், 3.5 மைக்ரோநொடித் துடிப்புகள் சென்றன.

இரண்டாம் உலகப்போர்க் கால ராடாரில் நுண்ணலையை உண்டாக்கும் குழலாகிய மேக்னட்ரானை இயக்கி நிறுத்திய கருவிக்கும் இதே பெயர் உண்டு என்றும், அலையை அவ்வாறு இயக்கி நிறுத்துவதும் ஒருவகை வீச்சுப் பண்பேற்றமே என்றும் மறுப்போர் கூறுவர். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது மேக்னட்ரானிலிருந்து வெளிவரும் அலைக்கு நேர்வதேயன்றி, அதற்குப் பின்னால் நிற்கும் கருவி செய்யும் வேலை அன்று. மேலும், துகள் கற்றையைச் சட்டெனத் தடம் திருப்பும் உதைகாந்தங்களுக்கு மின்னோட்டம் தரும் கருவியையும் சிலர் மாடுலேட்டர் என்றே அழைக்கின்றனர். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவியில், கற்றைக்கு 15 வீதம் உள்ள வெளியேற்ற உதைகாந்தங்களின் புலம், துகள் திரள்களுக்கு இடையே விடப்பட்ட 3 மைக்ரோநொடி இடைவெளிக்குள் எழுந்தாக வேண்டும். அங்கே பண்பேற்றுவதற்கு எந்த அலை இருக்கிறது?

ஆகவே 'உயர்மின்னழுத்தத் துடிப்பாக்கி' என்பதே தக்கது. ஆய்வுமேசையில் உள்ள சிறு துடிப்பாக்கியோடு குழம்பும் என்பார்க்கு அடைமொழியே விடை. தைரட்ரானின் இடத்தைக் குறைகடத்தி ஆளிகள் பிடித்தாலும் இச்சொல் பிழைபடாது. அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இதே துடிப்பை 'நாடி' என்றும் எழுதுகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் பண்பேற்றிக்காரர்கள் எவ்வளவோ மேல்.