மார்ஃபின் வெளியேறிய பிறகும் மூளைக்குள் நடப்பது என்ன?

1975-ல் அமெரிக்காவின் பெதஸ்தாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் ஷைல் சர்மா, வெர்னர் கிளீ, மார்ஷல் நிரன்பெர்க் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். நிரன்பெர்க், மரபணுக் குறியீட்டை விளக்கியதற்காக 1968-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சுண்டெலியின் நரம்புப் புற்றணுவையும் எலியின் மூளைப் புற்றணுவையும் இணைத்து உருவாக்கிய செல்களை அவர்கள் தட்டில் வளர்த்தார்கள். அந்தச் செல்களின் மேல் ஓபியாய்டு ஏற்பிகள், அதாவது மார்ஃபின் வகைப் பொருள்கள் வந்து ஒட்டும் புரதங்கள், நிறைய உண்டு. மார்ஃபின் சேர்த்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறின் அளவு குறைந்தது. சில நாட்கள் மார்ஃபினிலேயே விட்டுவைத்தபோது அளவு மெல்ல ஏறிப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அப்புறம் மார்ஃபினை நீக்கினார்கள். உடனே அந்த அளவு, சாதாரண நிலையையும் தாண்டி எகிறியது.

முதலில் நடந்தது மருந்தின் வேலை. இரண்டாவது, மருந்து பழகிப்போவது. மூன்றாவது, மருந்தை நிறுத்தியதும் வரும் அவதி. ஓபியாய்டு எடுக்கும் மனிதருக்கு நேரும் மூன்று கட்டங்களும் ஒரு கண்ணாடித் தட்டில் நடந்து முடிந்தன. அந்தத் தட்டில் மனவுறுதி என்று ஒன்று கிடையாது, கெட்ட சகவாசமும் கிடையாது. செல்கள் மட்டும்தான் இருந்தன. போதைக்கு அடிமையானவரைப் பார்த்து "நினைத்தால் விட்டுவிடலாமே" என்று சொல்கிறவர்கள் இந்தச் சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

உயிருள்ள மூளையில் விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது, மரபணுக்கள் வரைக்கும். மார்ஃபினோ ஹெராயினோ ஃபென்டனிலோ டி.என்.ஏ.வின் எழுத்துகளை மாற்றுவதில்லை. எந்த மரபணுவை எவ்வளவு வாசிப்பது, அதிலிருந்து எவ்வளவு புரதம் செய்வது என்பதைத்தான் அவை மாற்றுகின்றன. நம் மூளை தனக்குத் தேவையான ஓபியாய்டைத் தானே சுரந்துகொள்கிறது. அதற்காக இருக்கும் மியூ ஏற்பியில்தான் இந்த மருந்துகளும் போய் ஒட்டுகின்றன. அந்த ஏற்பிக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் மார்ஃபின் வலியையும் குறைப்பதில்லை, போதையும் தருவதில்லை, நிறுத்தினால் அவதியும் வருவதில்லை என்று 1996-ல் காட்டிவிட்டார்கள்.

மூளைத்தண்டில் லோகஸ் சீருலியஸ் என்று மிகச் சிறிய ஒரு பகுதி இருக்கிறது. விழிப்பு, பதற்றம், இதயத்துடிப்பு ஆகியவற்றை முடுக்கிவிடும் நார்அட்ரினலின் மூளைக்குள் பரவுவது பெரும்பாலும் இங்கிருந்துதான். மார்ஃபின் இந்த நரம்பணுக்களை அடக்குகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி.யும் இறங்குகிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் செல் பொறுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் ஈடுகட்டப் பார்க்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி.யைத் தயாரிக்கும் நொதியைக் கூடுதலாகச் செய்கிறது. அந்தத் தூதைக் கேட்டு வேலை செய்யும் பி.கே.ஏ. நொதியையும் பெருக்குகிறது. பி.கே.ஏ.வின் ஒரு பகுதி செல்லின் கருவுக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் கிரெப் என்ற புரதத்தின் 133-ஆவது அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. கிரெப் அமர்வது டி.என்.ஏ.வில் டி, ஜி, ஏ, சி, ஜி, டி, சி, ஏ என்ற எட்டெழுத்து வரிசையிலோ அதன் ஒரு பகுதியிலோ. பாஸ்பேட் ஒட்டியதும் பக்கத்திலுள்ள மரபணு வேகமாக வாசிக்கப்படத் தொடங்குகிறது. அப்படி வாசிக்கப்படுபவற்றில் ஒன்று, சைக்ளிக் ஏ.எம்.பி.யைத் தயாரிக்கும் நொதியின் ஒரு வகைக்கான மரபணு. இன்னொன்று, நார்அட்ரினலின் தயாரிப்பின் முதல் படியைச் செய்யும் நொதிக்கானது.

பிரேக்கிலிருந்து ஒருவர் காலை எடுக்காமலே இருக்க, வண்டி நகர வேண்டுமே என்று இன்னொருவர் ஆக்ஸிலரேட்டரை மேலும் மேலும் மிதிக்கும் நிலை இது. மருந்து இருக்கும்வரை இரண்டும் சமன். மருந்து நின்றதும் பிரேக் விடுபடுகிறது. கூடுதலாகச் செய்துவைத்த நொதிகளோ அப்படியே இருக்கின்றன. வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, மயிர்க்கூச்செறிதல் என்று எல்லாம் ஒன்றாக வருகின்றன. இந்த அவதிக்குக் குளோனிடின் மாத்திரை கொடுப்பதன் காரணமும் இதுதான். லோகஸ் சீருலியஸை வேறொரு ஏற்பி வழியாக அது அடக்குகிறது. கிரெப் மரபணுவைக் குறைபடுத்திய சுண்டெலிகளுக்கு மார்ஃபினைப் பழக்கி நிறுத்தியபோது இந்த அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இதுவரை சொன்னது உடல் பழகிப்போவது. புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் எடுப்பவருக்கும் இது வரும், படிப்படியாகக் குறைத்தால் போய்விடும். அதனால் அவர் போதை அடிமை ஆகிவிடமாட்டார். இந்த வேறுபாடு தெரியாமல் வலியில் துடிக்கும் நோயாளிக்கு மார்ஃபின் வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அது தேவையில்லாத கொடுமை.

அடிமைநோய் வேரூன்றுவது வேறு பகுதிகளில். நடுமூளையில், இன்பத்தையும் நாட்டத்தையும் தூண்டும் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காவல் நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓபியாய்டு அந்தக் காவலை அடக்குவதால் டோபமின் தங்குதடையின்றி நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் என்ற பகுதியில் பாய்கிறது. அங்கேயும் கிரெப் விழித்து, டைனார்ஃபின் என்ற பொருளைப் பெருக்கி, இன்பத்தைக் குறைத்து மனச்சோர்வைக் கூட்டுகிறது. ஒருவகையில் அது மூளையின் தற்காப்பு.

இதே பகுதியில் டெல்டா ஃபாஸ்-பி என்ற புரதம் மெல்லச் சேர்கிறது. அதன் குடும்பத்துப் புரதங்கள் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். இதற்கு வால்பகுதி குட்டை. சிதைவுக்கு அடையாளம் காட்டும் பகுதி இல்லாததால் வாரக்கணக்கில் தங்கும். ஒவ்வொரு முறை போதை எடுக்கும்போதும் கொஞ்சம் கூடும், அடுத்த முறைக்குள் முழுவதும் கரையாது. சுண்டெலிகளில் இந்தப் புரதத்தை மட்டும் கூட்டியபோது குறைந்த அளவு மார்ஃபினே அவற்றைக் கவர்ந்திழுத்தது. அதே சமயம் வலியைக் குறைக்க அதிக மார்ஃபின் தேவைப்பட்டது. 2006-ல் வெளியான முடிவு இது. ஆசை கூடி, பயன் குறைவதற்கு ஒரே ஒரு புரதம் போதுமாக இருந்தது.

டெல்டா ஃபாஸ்-பி-யும் ஒருநாள் கரையும். ஆனால் வருடங்கள் கழித்தும் சிலரைப் பழைய இடமோ பழைய நண்பரோ இழுத்துவிடுகிறார்களே, அது எப்படி? இங்கேதான் டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் விதம் முக்கியமாகிறது. ஒரு செல்லின் சுமார் 2 மீட்டர் டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி 147 இணை எழுத்துகளுக்கு ஒரு சுருளாகக் கிடக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் குழு ஒட்டினால் சுருள் தளர்ந்து அங்குள்ள மரபணு எளிதில் வாசிக்கப்படும். மெத்தில் குழு எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துச் சில மரபணுக்கள் மூடிக்கொள்ளும். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் யாஸ்மின் ஹர்ட் குழுவினர், ஹெராயின் பழக்கத்தில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். எத்தனை வருடம் ஹெராயின் எடுத்தார்களோ அந்த அளவுக்கு ஹிஸ்டோனில் அசிட்டைல் கூடியிருந்தது. நரம்பணுக்களின் இணைப்பை வலுப்படுத்தும் குளூட்டமேட் தொடர்பான மரபணுக்களில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அந்த அசிட்டைலைப் படிக்கும் புரதங்களைத் தடுக்கும் ஜே.க்யூ.1 என்ற மூலக்கூறை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை ஹெராயினைத் தேடுவது குறைந்தது. ஆனால் அந்தப் புரதங்கள் உடல் முழுவதும் வேலை செய்பவை. எனவே இதை அப்படியே மனிதருக்கான மருந்தாக்கிவிட முடியாது.

நடைமுறையில் உயிரைப் பறிப்பது, இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கலையாததுதான். மருந்தை நிறுத்திச் சில வாரங்களில் தாங்கும் சக்தி பெருமளவு போய்விடும். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு மீண்டும் பழைய, எளிதில் அடங்கும் நிலைக்குத் திரும்பிவிடும். ஏக்கத்தைத் தாங்கிநிற்கும் மாற்றங்களோ அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அப்போது ஒருவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவின்படி, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் போதை மிகையளவால் இறக்கும் அபாயம் மற்ற மக்களைவிட 129 மடங்கு.

அதனால்தான் பத்து நாள் உள்ளே வைத்து உடலைச் சுத்தப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் முறை எனக்கு ஏற்புடையதாக இல்லை. இதற்கு மாற்றாக நீண்டகாலம் தரப்படும் மருந்துகளான மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டும் ஓபியாய்டுகள்தான். ஆனால் மெதுவாக, நீண்ட நேரம் ஏற்பியில் வேலை செய்வதால் ஒரு நாளுக்குள்ளேயே உச்சிக்கும் பாதாளத்துக்கும் மூளை அலைவதில்லை. இவற்றைத் தொடர்ந்து எடுப்பவர்களின் இறப்பு, எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ பாதிதான். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்டு இந்தச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் உறவினர்கள், மேலே சொன்ன இரண்டு வாரக் கணக்கை ஒரு முறை பார்க்கட்டும். இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், ஊசி மூலம் போதை எடுப்பவர்களுக்கு இந்த இரண்டு மருந்துகளும் மாற்று மருந்துச் சிகிச்சை மையங்கள் வழியாகக் கொடுக்கப்படுகின்றன.