ஆர்கனை மிஞ்சும் மூன்று சென்டிமீட்டர்

பாரிஸ் தேவாலயம் ஒன்றில் நடந்த கச்சேரியின் காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “பின்னால் வீடு உயரத்துக்குக் குழாய்கள் அடுக்கிய ஆர்கன் முழங்குகிறது. பாடுபவர் ஒரே ஆள், மைக்கும் இல்லை. அவர் குரல் எப்படி அமுங்காமல் கேட்கிறது?”

அவர் கேட்ட பாட்டு இசையமைப்பாளர் சேசார் ஃபிராங்க் 1872இல் எழுதிய ‘பானிஸ் ஆஞ்செலிக்குஸ்’. டெனர் எனப்படும் உயர்ந்த ஆண்குரலுக்கும் ஆர்கனுக்கும் எழுதி, கூடவே ஹார்ப், செல்லோ, டபுள் பாஸ் சேர்த்தது. ஃபிராங்க் தன் தேவாலயத்தில் வாசித்த ஆர்கனைக் கட்டியவர் கவாயே-கோல். அவரே 1862இல் பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் கட்டிய ஆர்கனுக்கு ஐந்து கீபோர்டுகள், 100 ஸ்டாப்புகள் (இழுத்தால் ஒருவகைக் குழாய்களை ஒலிக்கவைக்கும் குமிழ்கள்). அதிலிருக்கும் 32 அடிக் குழாய் எழுப்பும் அடிச்சுரம் 16 ஹெர்ட்ஸ். அதைக் காதைவிட உட்கார்ந்திருக்கும் பெஞ்சு நன்றாக உணரும். இதனோடு மனித நுரையீரல் பலத்தில் மோத முடியாது. ஆகவே பாடகர் மோதுவதில்லை, சந்து பார்த்து நுழைகிறார்.

எந்தச் சுரமும் தனியாக வருவதில்லை, மேற்சுரங்களோடுதான் வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். பெரிய இசைக்குழுவின் ஒலியைப் பிரித்துப் பார்த்தால் ஆற்றலின் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸை ஒட்டியே குவிந்திருக்கும். மேலே போகப் போகச் சரிந்துவிடும். ஆர்கனின் மென்மையான அடிப்படை ஸ்டாப்புகளும் ஏறக்குறைய அப்படித்தான். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட காலி மனை. 1970களில் ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி பயிற்சி பெற்ற பாடகர்களின் குரலை அளந்தபோது, சரியாக அந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. சாதாரணப் பேச்சில் அவ்வளவு பெரிய மேடு கிடையாது. ‘பாடகர் ஃபார்மன்ட்’ என்று அதற்குப் பெயர்.

அந்த மேடு எங்கிருந்து வருகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பிளஸ் ஒன் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுத் தம்பம் வைத்து ஒரு சோதனை செய்திருப்பீர்கள். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, தண்ணீர் மட்டத்தை இறக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் சட்டென்று ‘ங்ங்ங்’ என்று எழும்பும். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழாய். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு ஆகும்போது அந்த முழக்கம். பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதினால் வரும் விசிலும் இந்தக் கணக்குதான்.

குரல்நாண்களுக்கு மேலேயும் இப்படி ஒரு குட்டிக் குழாய் உண்டு. நீளம் சுமார் மூன்று சென்டிமீட்டர். கீழ்முனையில் குரல்நாண்கள் மூடி போல் இருக்கின்றன. மேல்முனை தொண்டைக்குள் திறக்கிறது. பேசும்போது இந்தக் குழாய் தொண்டையோடு கலந்தே கிடக்கும், தனக்கென்று குரல் கிடையாது. தேர்ந்த பாடகர் குரல்வளையைக் கீழே இறக்கித் தொண்டையை அகலமாக்குகிறார், கொட்டாவி வரப்போகும் நொடியில் நமக்கு நடப்பது மாதிரி. தொண்டையின் குறுக்குப் பரப்பு குழாய் வாயைப்போல் ஆறு மடங்கு ஆகும்போது, மேலே போகும் ஒலியில் ஒரு பகுதி அந்த அகலத்தைக் கண்டு திரும்பி வருகிறது. அவ்வளவுதான், குட்டிக் குழாய் தனிக்குடித்தனம் போய்விட்டது! தொண்டைக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று வையுங்கள். குழாய் கால் பங்கு என்றால் முழு அலைநீளம் 12 சென்டிமீட்டர். வேகத்தை அதனால் வகுத்தால் 2900 ஹெர்ட்ஸ் சொச்சம். கேட்பவரின் காதுத்துளையும் ஒரு முனை செவிப்பறையால் மூடிய குழாய்தான், நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதுவும் 3000 ஹெர்ட்ஸ் பக்கமே ஒத்ததிர்கிறது. பாடகர் கூடுதலாக மூச்சைச் செலவழிக்கவே இல்லை.

இந்தக் குழாய்க்குப் பனங்கற்கண்டு கொடுத்து மெருகேற்றலாம் என்பவர்கள் உண்டு. விழுங்குவது எதுவும் அந்த வழியாகப் போவதில்லை. ஒரு சொட்டு போனாலும் புரையேறிவிடும். மிளகுப்பால் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். குரல்நாணை அது தொடுவதில்லை. தொண்டையை அளப்பதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா, அதற்கு நிதி வேறா என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அளந்ததால்தான் இதெல்லாம் தெரிகிறது.

சரி, ஆர்கன் வாசிப்பவரும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். சுண்டுவிரலைவிடச் சின்னக் குழாய்கள் கொண்ட ‘மிக்ஸ்சர்’ ஸ்டாப்பை இழுத்துவிட்டால் காலி மனை நிரம்பிவிடும். அதனால் அதைத் தொடமாட்டார். கவாயே-கோலின் ஆர்கன்களில் குழாய்களின் ஒரு பகுதி மரப்பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்கு ஜன்னல் பட்டைகள் போல மரச்சட்டங்கள், திறந்து மூடக் காலடியில் மிதி. மூடினால் சத்தம் குறையும். உயர் அதிர்வெண்கள் இன்னும் அதிகமாகக் குறையும். அதாவது பாடகருக்கு வேண்டிய இடமே முதலில் காலியாகிறது.

உச்சத்தில் பாடும் சொப்ரானோக்களுக்கு, அதாவது உயர்ந்த பெண்குரல்களுக்கு, வேறு வழி. தாடையை நன்றாகத் திறந்து, வாய்க்குழியின் ஒத்ததிர்வையே பாடும் சுரத்துக்கு உயர்த்திக்கொள்கிறார்கள். விலை என்னவென்றால், ‘ஈ’யும் ‘ஏ’வும் ‘ஆ’ போலக் கேட்கும்.

வாசகர் அந்தக் காணொளியை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்கட்டும். 32 அடிக் குழாய் காணாமல் போயிருக்கும். டெனர் அப்படியே இருப்பார். அப்புறம் நல்ல இயர்ஃபோனை மாட்டினால், மனிதருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய மிருகம் நின்றுகொண்டிருந்தது என்று தெரியும்.