ஆங்கிலத்தில் 'ஹேவ்' இருக்கிற இடத்தில் 'யெஸ்டர்டே' ஏன் ஒட்டாது?

"ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்று எழுதி சிவப்பு மை வாங்காத பிள்ளை நம் பினாங்கு டியூஷன் வகுப்புகளில் அபூர்வம். ஆசிரியர் 'ஹேவ் சீன்'-ஐ அடித்துவிட்டு 'சா' என்று திருத்துவார், காரணம் சொல்ல நேரம் இருக்காது. காரணத்தைச் சொன்னால் பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

1947-ல் ஹான்ஸ் ரைகன்பாக் என்ற தத்துவ அறிஞர் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். வினைச்சொல்லின் காலத்தில் மூன்று நேரங்கள் இருக்கின்றன: நாம் பேசுகிற நேரம், காரியம் நடந்த நேரம், அப்புறம் எந்த நேரத்தில் நின்றுகொண்டு அந்தக் காரியத்தைப் பார்க்கிறோம் என்பது. இந்த மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டர்வொர்த் ஃபெர்ரியைப் பிடிக்க ஓடி வருகிறவரிடம் "தி ஃபெர்ரி ஹேஸ் லெஃப்ட்" என்றால், நடந்தது கடந்த காலம், ஆனால் பேச்சு இப்போதைப் பற்றியது: இனி நீங்கள் ஏற முடியாது. "தி ஃபெர்ரி லெஃப்ட் அட் டென்" என்றால் பார்வையும் பத்து மணிக்கே போய்விடுகிறது. 'ஹேஸ்' பார்வையை இப்போதில் நிறுத்துகிறது, 'யெஸ்டர்டே' அதை நேற்றுக்கு இழுக்கிறது, அதனால்தான் இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்வதில்லை.

நமக்கு ஏன் இது வழுக்குகிறது என்றால், தமிழில் "அவன் நேற்று வந்திருக்கிறான்" என்று தாராளமாகச் சொல்லலாம். நேரில் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் அல்லது ஏதோ தடயத்தை வைத்துத் தெரிந்துகொண்டோம் என்று அந்த 'இருக்கிறான்' காட்டுகிறது. ஆங்கில 'ஹேஸ்' அந்த வேலையைச் செய்வதில்லை. "லங்காவிக்குப் போயிருக்கிறேன்" என்பது மட்டும் "ஐ ஹேவ் பீன் டு லங்காவி"யோடு அச்சாகப் பொருந்தும், அதை நம்பித்தான் மற்ற இடங்களிலும் ஏமாறுகிறோம். போதாததற்கு மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதே இல்லை, 'சுடா' (ஏற்கெனவே) போட்டால் முடிந்தது. "ஐ ஈட் ஆல்ரெடி"யும் அதே போக்கில் அமைந்ததுதான். கடையில் பேச அது போதும், ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம் தாளில் போதாது.

சந்தேகம் வந்தால் 'எப்போது?' என்று கேட்டுப் பாருங்கள். வாக்கியத்திலேயே அதற்குப் பதிலாக நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்துபோன ஒரு நேரம் இருந்தால் 'ஹேவ்' வேண்டாம். 'சின்ஸ்' வேறு மாதிரி, அது அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிறது. "2015-லிருந்து இங்கே இருக்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2015" என்றுதான் கேட்கும்.