2.3 வாங்கினால் ஃபெயில் இல்லை

போன மார்ச்சில் குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா, காட்பாடியில் இருக்கும் என் ஆலோசனை அலுவலகத்துக்கு வந்தார். லுங்கி வியாபாரம் செய்பவர். கடன் வாங்கி மகளை ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்க அனுப்பியிருந்தார். "மேடம், இங்க 7.8 வாங்கின பொண்ணு. அங்க போய் 2.3 வாங்கியிருக்கு. என்னம்மான்னு கேட்டா போனை வெச்சிடுது" என்றார். போனில் அந்த 2.3-ஐ இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.

ஜெர்மனியில் கணக்கு தலைகீழ். 1.0தான் உச்சம். 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். 1.6 முதல் 2.5 வரை 'நன்று' என்ற பிரிவு. நம் மதிப்பெண்ணை அவர்கள் அளவுக்கு மாற்றப் பல பல்கலைக்கழகங்கள் பவேரியன் ஃபார்முலாவைப் பயன்படுத்துகின்றன. அவர் வைத்திருந்த பில் புக்கின் பின்னட்டையிலேயே போட்டுக் காட்டினேன். உச்ச மதிப்பெண் 10, பாஸ் 5. பத்தில் 7.8 போனால் 2.2. அதை 10-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 5-ஆல் வகுத்தால் 0.44. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.32.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்போ இங்க வாங்கின அதே மார்க்குதானா?"

அதே மார்க்தான்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணிடமும் பேசினேன். அவளுக்கு இந்த ஃபார்முலா தெரியாமல் இல்லை. விண்ணப்பிக்கும்போது அவளே போட்ட கணக்குதான். "தெரியும் மேடம். ஆனா ஸ்கிரீன்ல பாக்கும்போது அழுகைதான் வருது" என்றாள். பத்தாம் வகுப்பு மார்க்கை ஃபிளெக்ஸில் போடும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, எண்ணைப் பார்த்ததும் மனம் பதறத்தான் செய்யும். அதைப் பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்து போன பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அங்கே 70 வந்தாலே முதல் தரம். 63-ஐப் பார்த்து இங்கே வீட்டில் முகம் சுருங்குகிறது. பிரான்சில் 20-க்கு 14 என்றால் நல்ல மதிப்பெண். தயவுசெய்து எதையும் மனதுக்குள் நம்மூர் சதவீதமாக மாற்றாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. நம்மூரில் இன்டர்னல் மார்க் கைகொடுக்கும். அரியர் விழுந்தால் அடுத்தடுத்து எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனியில் பல பாடங்களுக்குக் கடைசியில் வைக்கும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண். வகுப்புக்குப் போனால் மட்டும் போதாது, தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு பாடத்தை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் பெரும்பாலும் வரம்பு உண்டு. பல இடங்களில் மூன்று முறைதான். கட்டாயப் பாடத்தில் அதுவும் போய்விட்டால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம். இவையெல்லாம் அந்தப் படிப்புக்கான தேர்வு விதிமுறையில் இருக்கும். சேர்ந்த முதல் வாரமே அதைப் படித்துவிடுங்கள். புரியாவிட்டால் துறையின் மாணவர் ஆலோசகரிடம் கேளுங்கள். அதைச் சொல்லத்தான் அவர் இருக்கிறார்.

இப்போதெல்லாம் விசா வந்த பிள்ளைகளை அப்பா அம்மாவோடுதான் வரச் சொல்கிறேன். போகிற நாட்டின் மதிப்பெண் அளவை ஒரு தாளில் தமிழில் எழுதி, பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.