ஜின்செங் வாங்கும் முன், கொதிக்க வைக்கும் முன்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நலம் விசாரிக்கப் போகிறவர்கள் சீன மருந்துக் கடையில் ஜின்செங் என்ற மருந்து வேர் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போவது சகஜம். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு, தளர்ந்துபோன அப்பா அம்மாவுக்கு. அந்த அன்பில் குறையே இல்லை. ஆனால் ஜின்செங் விஷயத்தில் அதிகக் கவனம் தேவைப்படுகிறவர்களும் இந்த மூன்று பேர்தான்.

சீன மருத்துவம் ஜின்செங்கை எல்லாருக்குமான சத்து டானிக்காகப் பார்ப்பதில்லை. ‘சீ’ எனப்படும் உயிராற்றல் குன்றியவருக்கான மருந்து அது: பேசக்கூடத் தெம்பில்லாதவர், பசி செத்தவர், நாலடி நடந்தாலே வியர்த்து மூச்சு வாங்குகிறவர். அந்தக் குறை இல்லாதவருக்கு அது வேலை செய்யாமல் போவதோடு நிற்பதில்லை. தூக்கம் கெடும், மூக்கில் ரத்தம் வரும், நெஞ்சு படபடக்கும். சளியும் காய்ச்சலும் தொடங்கியிருக்கும்போது ஜின்செங் கொடுப்பதை, திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவது என்பார்கள் சீன வைத்தியர்கள். 18ஆம் நூற்றாண்டின் பேர்பெற்ற வைத்தியர் ஷூ தாசுன் இதைப் பற்றிக் கோபமாகவே எழுதினார். விலை கூடியது நல்லது என்று குடும்பம் நம்புகிறது. ஜின்செங் கொடுத்த பிறகு நோயாளி இறந்தால் வைத்தியரை யாரும் குறை சொல்வதில்லை. அதனால்தான் தேவையில்லாதவருக்கும் அது எழுதித் தரப்படுகிறது என்பது அவர் வாதம். இன்றைக்கும் அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

கடையில் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஜின்செங் என்பதை. சீனாவின் சிலின் மாகாணத்திலும் கொரியாவிலும் விளைவது ஆசிய ஜின்செங். அதை அப்படியே உலர்த்தினால் வெள்ளை. ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் பழுப்பாகி, கண்ணாடிபோல் இறுகிய சிவப்பு ஜின்செங். சிவப்பு அதிகச் சூடு தருவது என்பது மரபு. அமெரிக்க ஜின்செங் அதே பேரினத்தின் இன்னொரு செடி. குளிர்ச்சி என்று கருதப்படுவதால் வெப்ப நாடுகளில் அதற்கு மவுசு அதிகம். சைபீரிய ஜின்செங் இந்தப் பேரினமே அல்ல. இந்தியாவில் ‘இந்திய ஜின்செங்’ என்று விற்கப்படுவது நம்முடைய அமுக்கரா. ஜின்செங்கின் அளவையும் எச்சரிக்கைகளையும் அமுக்கராவுக்குப் பொருத்திப் பார்க்கவே கூடாது.

பெயர்க் குழப்பத்தில் ஆபத்தானது வேறொன்று. டாங்ஷென் என்பது ஜின்செங்குக்குப் பதிலாகப் பல கஷாயங்களில் சேரும் மலிவான வேர். டான்ஷென் என்பது முற்றிலும் வேறு. ரத்த ஓட்டத்துக்கான செந்நிற வேர். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் டான்ஷென்னைச் சேர்த்தால் ரத்தக் கசிவு வரலாம். வாயால் சொல்லி வாங்காதீர்கள்; சீன எழுத்திலோ தாவரப் பெயரிலோ எழுதி வாங்குங்கள்.

முழு வேராக வாங்கினால் தலைப்பகுதியைப் பாருங்கள். அங்கே குட்டையான ஒரு கழுத்து இருக்கும்; ஆண்டுதோறும் தண்டு உதிர்ந்த இடத்தில் கிண்ணம்போன்ற தழும்பு. தழும்புகளை எண்ணினால் வயது ஏறக்குறையத் தெரியும். வேரின் மேற்பகுதியில் குறுக்குக் கோடுகள், மென்றால் முதலில் கசப்பு, பிறகு இனிப்பு. ஜின்செங் என்ற பெயரில் வந்துவிடும் நச்சு வேர் ஒன்று உண்டு, சீனத்தில் ஷாங்லு. அதற்கு அந்தத் தழும்புக் கழுத்து கிடையாது. வெட்டிய முகத்தில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். மென்றுகொண்டே இருந்தால் நாக்கு மரத்துப்போகும். நாக்கு மரத்தால் உடனே துப்பிவிடுங்கள். வேர் சந்தேகத்துக்கு இடமாக வெள்ளை வெளேரென்று இருந்து, மூக்கில் புளிப்பு நெடி ஏறினால் கந்தகப் புகை காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஆஸ்துமாக்காரர் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். தொட்டால் பிசுபிசுத்து, ஊறவைத்த நீர் சர்க்கரைத் தண்ணீராக இனித்தால், சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எடை கூட்டிய வேர் அது. மலேசியாவில் மாத்திரை, கேப்சூலாக வாங்கினால் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி ‘டி’ (T) என்று முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும்.

அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சீன மருந்தியல் தொகை நூல் கஷாயத்துக்குச் சொல்வது நாளுக்கு 3 முதல் 9 கிராம். பொடியானால் ஒரு வேளைக்கு 2 கிராம், நாளுக்கு இரு வேளை. அது வைத்தியர் பார்த்துக் கொடுக்கும் அளவு. 2012இல் சீன சுகாதார அமைச்சகம், பயிரிட்டு வளர்த்த, 5 ஆண்டுக்கு மேற்படாத ஜின்செங்கை உணவாக அனுமதித்தபோது விதித்த வரம்பு நாளுக்கு 3 கிராம்தான். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. வீட்டில் நாமாகச் சாப்பிடுவதற்கு இந்த 3 கிராமையே உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கண் அளவு உதவாது. 20 கிராம் வேரைக் கோழி சூப்பில் போட்டு இரண்டு பேர் குடித்தால் ஆளுக்கு 10 கிராம் ஆகிவிடுகிறது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும்.

3 கிராம் மெல்லிய வில்லைகளை 300 மில்லி குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம். மற்ற மூலிகைகளோடு சேர்த்துக் கொதிக்கவிடாமல் தனியே வடித்துக் கலப்பதே மரபு. விலை கூடிய வேரின் சாறு மற்ற சக்கையில் ஊறி வீணாகாது. அதே வில்லைகளை இன்னொரு முறை வேகவைத்து, மென்று தின்றுவிடலாம். காலையில் குடிப்பதுதான் சரி. மாலைக்கு மேல் குடித்தால் தூக்கம் போகும். அன்றைக்குக் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால் படபடப்பு கூடும். தொடர்ந்து மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம். தலைவலி, தூக்கமின்மை, ரத்த அழுத்த ஏற்றம் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

இனி மாத்திரைகள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு ஜின்செங் சர்க்கரையை மேலும் இறக்கலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, அகோரப் பசி வந்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். மனச்சோர்வுக்கு ஃபினெல்சின் எடுப்பவர்களும், உறுப்பு மாற்றம் செய்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் தொடவே கூடாது.

அறுவை சிகிச்சை என்று தேதி குறித்தால் குறைந்தது 7 நாள் முன்பே ஜின்செங்கை நிறுத்தியாக வேண்டும்; ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதை அது குறைக்கக்கூடியது. அறுவைக்குப் பிறகு எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வார்ஃபரின் கதை இதற்கு நேரெதிர். அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைத்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை இறக்குவதை 2004இல் வெளியான மருத்துவச் சோதனை காட்டியது. இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவருக்கு அப்படி இறங்கினால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகும். ஆகவே புதிதாகத் தொடங்கவே வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் குடித்து வருகிறவர், இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. அவருக்கு வார்ஃபரின் அளவு ஜின்செங்கையும் சேர்த்தே கூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஜின்செங் திடீரென்று நின்றால் ஐ.என்.ஆர். ஏறி ரத்தம் கசியலாம். முதலில் ஐ.என்.ஆர். பார்க்கும் கிளினிக்கில், பெட்டியையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த நாளில் நிறுத்துவது, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று அவர்கள் குறித்துத் தருவார்கள்.